குடும்ப நல கோர்ட்டு நீதிபதிகளுக்கு ஒரு மடல்: ஐடிஆர்ல இருக்குற நம்பர் புருஷனோட வருமானம் இல்லைங்க

மதிப்புக்குரிய குடும்ப நல நீதிமன்ற நீதிபதி ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், அவங்களை மேற்பார்வை பாக்குற சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வணக்கமுங்க.

நான் வக்கீல் இல்லைங்க. திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14 வருஷமா வேலை பாக்குறேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறது, ஐடிஆர்னு சொல்ற வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்றது, பேங்க் லோனுக்கு பேப்பர் ரெடி பண்ணி குடுக்குறது, இதுதான் என் பொழப்பு. என் தங்கச்சி கேஸுக்காக 3 வருஷமா வாய்தா வாய்தாவா கோர்ட்டு வாசல்ல நின்னவ. அந்த ரெண்டு இடத்தையும் பார்த்ததால எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, அதை உங்ககிட்ட சொல்லியே ஆகணும்னு தான் இதை எழுதுறேன். ஜீவனாம்சம் எவ்வளவுன்னு முடிவு பண்றப்ப புருஷனுக்கு எவ்வளவு வசதி இருக்குன்னு பாக்கணும்னு சட்டம் சொல்லுது, ஆனா கோர்ட்டுல உண்மையில பாக்குறது அவர் வசதி எவ்வளவு பேப்பர்ல தெரியுதுங்கிறதைத்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல தான் என் தங்கச்சியும் ரெண்டு குழந்தைகளும் விழுந்து கிடக்குறாங்க.

கதையை சுருக்கமா சொல்றேங்க. தங்கச்சிக்கு 2012ல கல்யாணம். மாப்பிள்ளை அப்போ ஒரு கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தாரு, 2015ல சொந்தமா பவர் டேபிள், அதாவது தையல் மெஷின் போட்டாரு. முதல்ல 4 மெஷின், அதுல ரெண்டு மெஷின் எங்க அப்பா போட்ட நகையை அடமானம் வெச்சு வாங்குனது. அப்புறம் 12 மெஷின் ஆச்சு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிங்ககிட்ட ஜாப் ஒர்க் எடுத்து தெச்சு குடுக்குற யூனிட். தங்கச்சி காலையில குழந்தைகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஷெட்டுக்கு போயி பிசிர் வெட்டுறது, செக்கிங், பேக்கிங், சனிக்கிழமை சம்பளக் கணக்கு எழுதுறதுன்னு எல்லா வேலையும் பார்த்தா, அவளுக்குன்னு ஒரு ரூபா சம்பளம்னு எழுதுனது கிடையாது. 2022ல அவரு டைவர்ஸ் போட்டாரு. என்ன காரணம் யாரு மேல தப்புன்னு நான் இங்க பேச வரலைங்க, அது கோர்ட்டு பாத்துக்கட்டும். இவ இந்து திருமணச் சட்டம் 24வது பிரிவுல இடைக்கால ஜீவனாம்சம் கேட்டா. நோட்டீஸ் சர்வ் ஆன நாள்ல இருந்து முடிஞ்ச வரைக்கும் 60 நாளைக்குள்ள முடிக்கணும்னு அந்த பிரிவுலயே எழுதியிருக்கு. எங்களுக்கு ஆர்டர் வர 2 வருஷம் 4 மாசம் ஆச்சு. ஆர்டர்ல வந்தது மாசம் 5,000 ரூபா. மூணு பேருக்கும் சேர்த்துங்க.

5,000 எப்படி வந்துச்சுன்னு ஆர்டரை வாங்கி படிச்சு பார்த்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏன்னா அந்த கணக்கு தப்பு கணக்கு இல்லை, கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவரு கடைசியா போட்ட ஐடிஆர்ல வருஷ வருமானம் 2,52,000. அதை 12ல வகுத்தா மாசம் 21,000. 2017ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல புருஷனோட நிகர சம்பளத்துல 25 சதவீதம் நியாயமா இருக்கும்னு சொல்லுச்சே, அந்த கணக்கை வெச்சா 5,250, அதை ரவுண்ட் பண்ணி 5,000. முடிஞ்சுது.

ஐயா, அந்த 2,52,000 எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி ரிட்டர்னை நானே நூத்துக்கணக்குல டைப் பண்ணியிருக்கேன். 1961 வருமான வரிச் சட்டத்துல 44ஏடின்னு ஒரு பிரிவுங்க, சின்ன வியாபாரிங்களுக்காக வெச்சது, அப்போ 2 கோடி வரைக்கும் டர்ன்ஓவர் இருக்குறவங்க கணக்கு புத்தகம் எல்லாம் வெச்சு ஆடிட் பண்ண வேண்டாம், பேங்க் வழியா வந்த பணத்துல 6 சதவீதம், ரொக்கமா வந்ததுல 8 சதவீதம், குறைஞ்சது இவ்வளவு லாபம்னு காட்டுனா போதும்னு. அதுக்கு மேல உண்மையில சம்பாதிச்சிருந்தா அதை காட்டணும்னும் அதே பிரிவுல இருக்கு, ஆனா முக்கால்வாசி பேரு குறைஞ்சபட்சத்தைத்தான் காட்டுறாங்க. அவரு யூனிட்டுக்கு அந்த வருஷம் வந்த ஜாப் ஒர்க் பணம் 42 லட்சம். 42 லட்சத்துல 6 சதவீதம் எவ்வளவு? 2,52,000. அதாவது அது அவரு வீட்டுக்கு எடுத்துட்டு போன பணமே இல்லை, வரி போடுறதுக்கு கவர்மென்ட்டு வெச்ச ஒரு குறைஞ்சபட்ச கணக்கு. அதை எடுத்து ஒரு குடும்பம் எவ்வளவுல வாழ்ந்துச்சுங்கிறதுக்கு அளவுகோலா வெச்சா எப்படிங்க?

42 லட்சம்னு எனக்கு எப்படி தெரியும்னு கேப்பீங்க. பீரோல கிடந்த பழைய ஃபைல்ல அவரோட 26ஏஎஸ், அதாவது யார் யார் எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு காட்டுற பேப்பர், அதோட காப்பி ஒண்ணு இருந்துச்சு. எக்ஸ்போர்ட் கம்பெனிங்க ஜாப் ஒர்க் பில்லுக்கு பணம் குடுக்குறப்ப தனிநபருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. பிடிச்சது மொத்தம் 42,000. அப்போ பில்லு 42 லட்சம், இதுக்கு பெரிய படிப்பு எல்லாம் தேவையில்லை. ஆனா கோர்ட்டுல இந்த ஒரு பேப்பரை யாரும் கேக்கலை, நாங்க குடுத்தும் அது ஜெராக்ஸ் தானே, ஒரிஜினல் எங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதோட அது ஓரமா போயிருச்சு. அவரு வரவு செலவெல்லாம் போக மாசம் எவ்வளவு எடுத்தாருன்னு என்னால சத்தியம் பண்ணி சொல்ல முடியாது, கூலி, ஷெட் வாடகை, கரண்ட், நூல், ஊசி எல்லாம் இருக்கு. ஆனா 21,000 இல்லைங்கிறது மட்டும் நிச்சயம்.

இதை விட பெரிய ஆதாரம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் முக்கியமா இந்த மடலே. 2021ல அவரு வீட்டு லோன் வாங்குனாரு, ஈஎம்ஐ 27,000. ஐடிஆர்ல 2.5 லட்சம் காட்டுற ஆளுக்கு எந்த பேங்கும் 27,000 ஈஎம்ஐக்கு லோன் குடுக்காது. அதனால பேங்க்காரங்க என்ன பண்ணுவாங்கன்னா, கரண்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் வாங்கி, ஜிஎஸ்டி டர்ன்ஓவர் பாத்து, ஷெட்டுக்கே ஆள் அனுப்பி மெஷினை எண்ணி, மாச வருமானம் இவ்வளவுன்னு அவங்களே ஒரு கணக்கு போட்டு ஃபைல்ல எழுதுவாங்க. அதுல அவரே கையெழுத்து போட்டு குடுத்த அப்ளிகேஷன்ல மாச வருமானம் 90,000. இப்ப கோர்ட்டுல அதே மனுஷன் என்ன சொல்றாரு? யூனிட்டை மூடிட்டேன், எங்கம்மா நடத்துற யூனிட்ல மாசம் 18,000 சம்பளத்துக்கு வேலை பாக்குறேன், அதுல ஈஎம்ஐ 27,000 போகுது, நான் எதை குடுக்கன்னு. ஈஎம்ஐயை கடன்னு அஃபிடவிட்ல, அதாவது பிரமாணப் பத்திரத்துல காட்டுறாரு, அந்த ஈஎம்ஐ எந்த வருமானத்தை காட்டி வாங்குனதுன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. 18,000 சம்பளக்காரரு 27,000 ஈஎம்ஐயை ஒரு மாசம் கூட பவுன்ஸ் ஆகாம எப்படிங்க கட்டுறாரு?

அம்மா யூனிட்டுன்னு சொல்றதும் அதே ஷெட்டு தான், அதே 12 மெஷின், அதே டெய்லருங்க. இவ பெட்டிஷன் போட்ட மூணாவது மாசம் அவரு பேர்ல இருந்த ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணிட்டு மாமியார் பேர்ல புதுசு எடுத்தாங்க. 68 வயசு அந்த அம்மாவுக்கு, ஓவர்லாக்குக்கும் ஃப்ளாட்லாக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் நடக்கும்னு சுப்ரீம் கோர்ட்டுக்கு தெரியாம இல்லைங்க. 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா கேஸ்ல நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் நீதிபதி சுபாஷ் ரெட்டியும் குடுத்த தீர்ப்பை தமிழ்ல யாராவது சொல்ல கேட்டு, அப்புறம் டிக்ஷனரி வெச்சுக்கிட்டு நானே உக்காந்து படிச்சேன். அந்த கேஸும் 2013ல போட்ட இடைக்கால ஜீவனாம்சம், முடிய 7 வருஷம் ஆயிருக்கு. அதனாலதான் ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா கட்டாயம் தாக்கல் பண்ணணும், அதுக்கு அப்புறம் 4ல இருந்து 6 மாசத்துக்குள்ள இடைக்கால மனுவை முடிக்கணும், பணம் மனு போட்ட தேதில இருந்தே குடுக்கணும்னு எழுதுனாங்க. அந்த படிவத்தை நான் பார்த்தப்ப ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குறவளா எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏன்னா சரியான கேள்வி எல்லாமே அதுல இருக்கு. தொழில் தனியாளா நடத்துறீங்களா பார்ட்னர்ஷிப்பா கம்பெனியா, உங்க பங்கு எவ்வளவுன்னு கேக்குது. கல்யாணம் ஆன பிறகு உங்க பேர்ல இருந்த சொத்தை யாருக்காவது எழுதி குடுத்தீங்களா, ஏன் குடுத்தீங்கன்னு கேக்குது. விவசாயக் குடும்பத்துக்குன்னு தனி படிவமே இருக்கு, நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மாடு கன்னு எத்தனைன்னு. பொய் சொன்னா கிரிமினல் நடவடிக்கை எடுக்கலாம்னும் சொல்லியிருக்கு.

ஆனா எங்க கேஸ்ல அவரு தாக்கல் பண்ண படிவம் எப்படி இருந்துச்சு தெரியுமா? பாதிக்கு மேல "இல்லை", "பொருந்தாது". சொத்து எழுதி குடுத்தீங்களாங்கிற இடத்துல ஒரு கோடு. 2022ல 3 சென்ட் இடத்தை அண்ணன் பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதுனது வில்லங்க சான்றுல அப்படியே இருக்கு, பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டா யாரு வேணும்னாலும் பாக்கலாம், ஒரு ரூபா செலவு இல்லை. அந்த கோட்டை பார்த்துட்டு ஏன் கோடுன்னு ஒருத்தரும் கேக்கலை. ஃபைல்ல பேப்பர் இருக்கா, இருக்கு, அடுத்த வாய்தா. 2023 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே இன்னொரு கேஸ்ல, நாங்க சொன்னதை கீழ்க் கோர்ட்டுங்க சரியா பின்பற்றலைன்னு வருத்தப்பட்டு அந்த தீர்ப்பை திரும்ப எல்லாருக்கும் அனுப்ப சொன்னாங்கன்னா இது எங்க வீட்டு கதை மட்டும் இல்லைன்னு தானே அர்த்தம்.

ஒரு பக்கமா மட்டும் பேசுறேன்னு நினைக்காதீங்க. எங்க ஆபீஸுக்கு ஒரு கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார் வருவாரு. அவரு சம்பளச் சீட்டுல ஒரு ரூபா மறைக்க முடியாது, பிடித்தம் போக எவ்வளவு வருதுன்னு கோர்ட்டுக்கு துல்லியமா தெரியும், அதுல கரெக்டா ஒரு பங்கு மாசாமாசம் குடுக்குறாரு. அவரு சம்சாரம் வீட்டு மாடில பார்லர் வெச்சிருக்காங்க, கல்யாண சீசன்ல பிரைடல் மேக்கப்புக்கு நல்ல வருமானம், எல்லாம் ரொக்கமும் அவங்க அம்மா போன்ல இருக்குற யுபிஐயும். அவங்க அஃபிடவிட்ல வருமானம் இல்லைன்னு இருக்கு. அந்த மனுஷன் எங்க டேபிள் முன்னாடி உக்காந்து, நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலைங்க, என்னை மட்டும் எக்ஸ்ரே எடுத்து பாக்குறாங்களேன்னு கேட்டப்ப எனக்கு பதில் சொல்ல தெரியலை. 24வது பிரிவும் நிரந்தர ஜீவனாம்சத்துக்கான 25வது பிரிவும் ரெண்டு பேரு வருமானத்தையும் தான் பாக்க சொல்லுது. சம்பளக்காரங்க யாரா இருந்தாலும் மாட்டுறாங்க, கையில காசு புரள்ற தொழில் பண்றவங்க யாரா இருந்தாலும் தப்பிக்குறாங்க. திருப்பூர், ஈரோடு, சிவகாசி, நாமக்கல் மாதிரி ஊர்ல பாதிப் பேரு தொழில்காரங்க தானே, அப்போ இந்த ஊரு கோர்ட்டுல இந்த கேள்வி எவ்வளவு முக்கியம்னு யோசிச்சு பாருங்க.

தங்கச்சியை கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லியாகணும். அவ பி.காம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் டேலில கணக்கு எழுதுற வேலை பார்த்தா. பி.காம் படிச்சவங்க, வேலைக்கு போகலாமேன்னு எதிர்த்தரப்பு விடாம கேட்டுச்சு. சம்பாதிக்க தகுதி இருக்குறதும் சம்பாதிக்கிறதும் வேற வேறன்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 7 வருஷம் அவரு ஷெட்டுல பிசிர் வெட்டுனவளுக்கு இப்ப யாரு என்ன வேலை குடுப்பா, சின்னவனுக்கு அப்ப 4 வயசு. இப்ப அவ ஒரு செக்கிங் செக்ஷன்ல தான் இருக்கா, அதை மறைக்காம அவ அஃபிடவிட்ல எழுதி, சம்பள ரசீதும் வெச்சிருக்கோம். 2023 ஜூன்ல நம்ம உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு குடுத்தாரு, புருஷன் வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்ப சம்சாரம் வீட்டை பாத்துக்கிட்ட குடும்பம், அவ வீட்டு வேலையும் சொத்து சேர்க்குறதுல ஒரு பங்களிப்பு தான், அவளுக்கும் அதுல பாதி உண்டுன்னு. அது சொத்து வழக்கு, ஜீவனாம்சம் இல்லை, அது எனக்கு தெரியும். ஆனாலும் அதை பேப்பர்ல படிச்ச அன்னைக்கு தங்கச்சி கட்டிங்கை வெட்டி பர்ஸ்ல வெச்சுக்கிட்டா.

பேப்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல 5 கோடி, இன்னொன்னுல 12 கோடி குடுக்க சொன்னது டிவில எல்லாம் வந்துச்சு, அதுல இருந்து யாரை பார்த்தாலும் பொண்ணுங்க டைவர்ஸ்ல கோடீஸ்வரி ஆயிடுறாங்கன்னு பேச்சு. அந்த 12 கோடி கேஸ்லயே, பிரிஞ்ச பிறகு புருஷன் எவ்வளவு பணக்காரன் ஆனாலும் அதுக்கு சமமா கேக்க ஜீவனாம்சம் ஒண்ணும் சொத்தை சரிபாதி ஆக்குற வழி இல்லைன்னு கோர்ட் சொன்னதை யாரும் படிக்கலை. நாங்களும் சமமா கேக்கலைங்க. சேர்ந்து இருந்தப்ப குழந்தைங்க எந்த ஸ்கூல்ல படிச்சாங்களோ அங்கயே படிக்கணும், வாடகை குடுக்கணும், இவ்வளவு தான். பெரியவளை போன ஜூன்ல ஸ்கூல் மாத்திட்டோம்.

உங்ககிட்ட கேக்குறது புது சட்டம் இல்லைங்க. அஃபிடவிட் வந்ததும் கோடு போட்ட இடத்தை, பொருந்தாதுன்னு எழுதுன இடத்தை ஒரு பத்து நிமிஷம் பாத்து, இது ஏன்னு ஒரு கேள்வி கேளுங்க, நிரப்பாத படிவத்தை திருப்பி குடுங்க. தொழில் பண்றவங்களா இருந்தா ஐடிஆரை மட்டும் பாக்காதீங்க, அது 44ஏடியில போட்டதான்னு பாருங்க, கூடவே 26ஏஎஸ், ஏஐஎஸ்னு வருமான வரித் துறை வெச்சிருக்குற வருஷ தகவல் அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிரியறதுக்கு முன்னாடி 3 வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட் கேளுங்க. பிரிஞ்ச பிறகு வர்ற பேப்பர் எல்லாம் கேஸுக்காக தயார் பண்றது, பிரியறதுக்கு முன்னாடி இருந்தது தான் உண்மை பேசும். ஈஎம்ஐயை செலவா காட்டுனா அந்த லோன் அப்ளிகேஷனை தாக்கல் பண்ண சொல்லுங்க, இது ஒண்ணை மட்டும் செஞ்சாலே பாதி பொய் நின்னு போயிரும்னு நான் 14 வருஷ அனுபவத்துல சொல்றேன், ஏன்னா பேங்க்கிட்ட யாரும் வருமானத்தை குறைச்சு சொல்ல மாட்டாங்க. கேஸ் போட்ட பிறகு தொழிலை அம்மா பேர்ல, அண்ணன் பேர்ல மாத்துனா, ஷெட்டு யாரோடது, ஈபி பில்லு யாரு கட்டுறாங்க, சனிக்கிழமை சம்பளம் யாரு கையால குடுக்குறாங்கன்னு கேளுங்க. பொய்யுன்னு நிரூபணம் ஆனா ஒரு கேஸ்லயாவது நடவடிக்கை எடுங்க. ஒரு ஆளு மேல எடுத்தா அடுத்த மாசம் எங்க ஆபீஸுக்கு வந்து, வருமானத்தை குறைச்சு ஒரு பேப்பர் போட்டு குடுங்க கோர்ட்டுக்கு வேணும்னு கேக்குறவங்க நாலு பேரு யோசிப்பாங்க. அப்படி கேட்டு வர்றாங்கங்கறதையும் நான் சொல்லிடுறேன்.

25வது பிரிவுல நிரந்தர ஜீவனாம்சம் முடிவு பண்றப்ப தேவைப்பட்டா அவரோட அசையா சொத்து மேல சார்ஜ், அதாவது ஜீவனாம்சத்துக்கு அந்த சொத்தை பிணையா வெச்சு, போடலாம்னு சட்டத்துலயே இருக்கு, அதையும் பயன்படுத்துங்க. இல்லைன்னா ஆர்டர் கையில இருக்கும், சொத்து அண்ணன் பேர்ல இருக்கும். 2025 மே 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு பெண்ணுக்கு மாசம் 50,000, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா 5 சதவீதம் கூட்டிக் குடுக்கணும்னு சொல்லுச்சு. விலைவாசி ஏறும்னு அந்த ஆர்டர்லயே எழுதி வெச்சது எவ்வளவு நல்லது, கூட்டிக் கேட்டு திரும்ப ஒரு பெட்டிஷன், திரும்ப 2 வருஷம் வாய்தான்னு அலைய வேண்டாம் பாருங்க.

உங்க மேல கேஸு சுமை எவ்வளவுன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு நாளைக்கு லிஸ்ட்ல எத்தனை கேஸு, காரிடார்ல குழந்தைகளை மடில வெச்சுக்கிட்டு எத்தனை பேரு. உங்களை குறை சொல்ற நோக்கத்துல எழுதலைங்க. நீங்க கேக்குற ஒரு கேள்விக்கு இருக்குற பலம் நாங்க ஆயிரம் பேப்பர் கொண்டு வந்தாலும் வராது, அதனால தான் கேக்குறோம்.

தங்கச்சியோட மெயின் கேஸ் இன்னும் நடக்குது. அந்த வீட்டு லோன் ஃபைலை பேங்க்ல இருந்து வரவழைக்க சொல்லி மனு போட்டிருக்கோம், இது வரைக்கும் மூணு வாய்தா எதிர்த்தரப்போட பதில் மனுவுக்குன்னே போயிருச்சு. அடுத்த தடவை அந்த மனுவை எடுக்குறப்ப, அந்த 90,000ங்கிற இடத்துல யாரு கையெழுத்து இருக்குன்னு தயவு செஞ்சு ஒரு தடவை பாருங்கம்மா.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா